நுவேனா பங்கிட்ட மாவு

முகாமின் நான்காம் குடியிருப்பில் நுவேனாவின் கையால் மாவு வாங்காத வீடு ஒன்றுகூடக் கிடையாது. மாதத்துக்கு ஒருமுறை லாரி வந்து மூட்டைகளை மணலில் இறக்கிவிட்டுப் போகும். கோதுமை மாவு, பருப்பு, எண்ணெய், சர்க்கரை. சில மாதங்களில் கொஞ்சம் அரிசி. பெண்கள் பையும் பாத்திரமுமாக வட்டமாக உட்காருவார்கள். நுவேனா நடுவில் நின்று அளப்பாள். எந்த வீட்டில் எத்தனை தலை, எந்த வீட்டில் பிள்ளை பிறந்தது, எந்தக் கிழவர் போய்ச் சேர்ந்தார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். யார் அதட்டினாலும் கை நடுங்காது என்பதால்தான் இருபத்திரண்டு வயதிலேயே அவளிடம் அந்த வேலையைக் கொடுத்தார்கள்.

பாலைவனத்தைச் சேர்ந்த எங்கள் சஹ்ராவி மக்கள் போருக்குத் தப்பி எல்லை தாண்டி இந்தப் பொட்டல் முகாமுக்கு வந்த வருடம் அவளுக்குப் பத்து வயது. அம்மா முதல் குளிர்காலத்திலேயே இறந்துபோனாள். அதற்குப் பிறகு கூடாரம், கூடாரத்துக்குப் பக்கத்தில் மண்கல் அறை, தகரக் கம்பி வேலிக்குள் நாலு ஆடு என்று வாழ்க்கை அமைந்துவிட்டது. இங்கே எதுவும் விளையாது. வாயில் போடுவது எதுவானாலும் லாரியில்தான் வர வேண்டும்.

லெஹ்பிபைக் கல்யாணம் செய்துகொண்டபோது அவளுக்கு இருபத்து மூன்று. அவன் படைவீரன். எல்லையில் மூன்று மாதம், வீட்டில் பத்து நாள். நல்ல பேச்சுக்காரன், தேநீர் ஊற்றும்போது நுரை கோப்பையின் விளிம்பு வரை எழும்பும். முதல் இரண்டு கர்ப்பம் நிற்கவில்லை. மூன்றாவது நின்றது. ஹமூதி பிறந்தான்.

ஒரு வயது வரை அவன் கொழுகொழுவென்று இருந்தான். ரொட்டியும் கஞ்சியும் ஊட்டத் தொடங்கிய பிறகு பிள்ளை மாறிப்போனான். வயிறு உப்பியது, தொடை சூம்பியது. வெளுத்து நுரைத்துப் போகும் கழிச்சல் நிற்கவேயில்லை. எந்நேரமும் சிணுங்கல். மருந்தகத்தில் இருந்த தாதிப் பெண் அவனைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“பிள்ளைக்குச் சாப்பாடு பத்தல அக்கா. நல்லா ஊட்டுங்க. ரொட்டியைப் பால்ல ஊறவெச்சுக் குடுங்க.”

நுவேனா ஊட்டினாள். பங்கீடு முடிந்ததும் மணலில் சிந்திக் கிடக்கும் மாவு அளந்தவளுக்குச் சேரும் என்பது வழக்கம். அதை அவள் கூட்டி எடுத்து, மணல் போகச் சலித்து, தணலில் சுட்ட மணலுக்குள் புதைத்து ரொட்டி செய்தாள். மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத ரொட்டி ஹமூதிக்குக் கிடைத்தது. தன் பங்கையும் அவனுக்கே பிய்த்துப் போட்டாள். அவன் வாயைத் திறக்க மறுத்தால் மூக்கைப் பிடித்து ஊட்டினாள்.

பக்கத்துக் கூடார ஐஷெத்துவுக்கு எல்லா நோய்க்கும் ஒரு பெயர் தெரியும். “இது எகிந்தி வியாதிடி. ஏதோ ஒத்துக்காதது உள்ள போயிருக்கு. எல்லாத்தையும் நிறுத்து. வேலம்பிசினைக் கரைச்சுக் குடு, ஆட்டுப்பால் குடு. வேற ஒண்ணும் வேண்டாம்.”

மூன்று வாரம் அப்படியே செய்தாள். கழிச்சல் நின்றது. ஹமூதி ஒருநாள் எழுந்து ஆட்டுக்குட்டியின் பின்னால் ஓடினான். நுவேனாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிள்ளை தேறிவிட்டான், இனி உடம்பு ஏற்ற வேண்டும் என்று அன்றே ஒரு முழு ரொட்டி சுட்டு, சர்க்கரைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தாள். அந்த வாரமே கழிச்சல் திரும்பியது.

மூன்று வயது முடிந்த ஆகஸ்டில், கூடாரத்துக்குள் மூச்சுவிட முடியாத வெயிலில், ஹமூதி இரண்டே நாள் கழிச்சலில் போய்விட்டான். லெஹ்பிபுக்குச் செய்தி போய் அவன் வந்து சேர்ந்தபோது புதைத்த இடத்தில் கல் அடுக்கி நான்கு நாள் ஆகியிருந்தது.

அடுத்த வருடம் சுவெல்மா பிறந்தாள். அவளுக்கும் ஒரு வயதில் அதே வயிறு, அதே தொடை. முடி மட்டும் இன்னும் மோசம், சோளநார்போலக் கையோடு வந்தது. விடுப்பில் வந்த லெஹ்பிப் பிள்ளையைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான்.

“என் அண்ணன் தம்பி வீட்டுல ஒரு பிள்ளையாவது இப்படி இருக்கா?”

“அதுக்கு நான் என்ன பண்ண?”

“ரெண்டு வயித்துலயே போச்சு. ஒண்ணு மண்ணுல போச்சு. இதுவும் போகத்தான் போகுது. உன் வயிறு ஆகாது நுவேனா. உன் ரத்தத்துல என்னமோ இருக்கு.”

அவள் தேநீர்த் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். மூன்று மாதம் கழித்து அவன் அண்ணன் வந்து மணவிலக்குச் செய்தியைச் சொன்னான்.

எங்கள் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மணவிலக்கான பெண்ணை மூலையில் உட்கார்ந்து அழ விடமாட்டார்கள். கொட்டடித்து, குலவையிட்டு, புதுச் சேலை போர்த்தி ஊர் நடுவே உட்காரவைப்பார்கள். இவளுக்கு என்ன குறைச்சல் என்று ஊருக்குக் காட்டுவதற்காக. ஐஷெத்துதான் கொட்டு அடித்தாள். “போனவன் போகட்டும், வரிசையில பத்துப் பேர் நிக்கிறான்” என்று பாடினாள். நீல மெல்ஹ்ஃபாச் சேலைக்குள் நுவேனா உட்கார்ந்திருந்தாள். முப்பத்திரண்டு வயதில் பதின்மூன்று வயதுப் பெண்ணின் எடைதான் இருந்தாள். ஆடச் சொல்லி எழுப்பினார்கள். முழங்கால் தாங்கவில்லை. வெட்கப்படுகிறாள் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

அதற்கு அடுத்த வருடம் வெளிநாட்டு மருத்துவர்கள் சிலர் வந்து முகாமில் பிள்ளைகளுக்கு ரத்தம் எடுத்தார்கள். அவர்களோடு மூலுத் என்ற நம் மருத்துவரும் இருந்தார். பன்னிரண்டு வயதில் கியூபாவுக்குப் படிக்கப் போய், மருத்துவராகி, தாய்மொழியைப் பாதி மறந்து திரும்பியவர். சுவெல்மாவைப் பார்த்ததும் அம்மாவின் கையையும் நீட்டச் சொன்னார்.

முடிவு வர ஐந்து மாதம் ஆனது. மூலுத் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“உடம்புக்குள்ள ஒரு காவல்படை இருக்கு. கிருமி வந்தா சுட்டு விரட்டுறதுக்கு. உனக்கும் உன் பொண்ணுக்கும் அந்தப் படை கோதுமையைப் பார்த்தா எதிரின்னு நினைச்சுக்குது. கோதுமை போய் நிக்கிறது குடல்ல. படை சுடுறப்ப குண்டு குடல் மேலயே விழுது. அப்புறம் தின்னது எதுவும் ஒட்டாது.”

“கோதுமையா?”

“கோதுமை, பார்லி ரெண்டும். செலியாக்கோன்னு சொல்வாங்க. நம்ம ஜனங்கள்ல இது நிறைய இருக்கு. வேற எந்த ஊர்லயும் இத்தனை பேர் இல்லைங்கிறாங்க.”

“மருந்து?”

“மருந்து கிடையாது. கோதுமையை நிறுத்தணும். நிறுத்திட்டா படை அடங்கும், ரெண்டு மூணு வாரத்துலயே பிள்ளை தெளியும். ஆனா திரும்பக் குடுக்கவே கூடாது. ஒரு துண்டுகூட.”

நுவேனா வெகுநேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டுக்குட்டியின் பின்னால் ஹமூதி ஓடிய அந்த ஒரு நாளை நினைத்தாள்.

“அப்ப அவன் நான் ஊட்டினதுலதான் செத்தானா?”

மூலுத் காகிதங்களை ஒழுங்காக அடுக்கினார். “நீ தெரிஞ்சு பண்ணல.”

“நான் அதைக் கேக்கல.”

அவர் காகிதங்களை மூடிவைத்தார். பிறகு, இது அம்மா வழியாகவும் வரலாம், அப்பா வழியாகவும் வரலாம், லெஹ்பிபும் ரத்தம் கொடுத்துப் பார்ப்பது நல்லது என்றார். ஆள் மூலம் சொல்லியனுப்பினாள். லெஹ்பிப் சிரித்தானாம். “அதான் கண்டுபிடிச்சுட்டாங்களே, அவ ரத்தத்துலதான்னு. என்னை எதுக்குக் குத்தணும்?”

கோதுமை சேராதவர்களுக்கென்று தனி மாவு வரத் தொடங்கியது. ஒரு கிலோ பொட்டலங்கள். சோளமும் அரிசியும் கலந்தது. பட்டியலில் பெயர் இருந்தால் கிடைக்கும். வந்தால் வரும், வராவிட்டால் இரண்டு மாதம், மூன்று மாதம் வராது. அந்த இடைவெளியில் அரிசியும் பருப்பும். அரிசி பன்னிரண்டு நாளில் தீர்ந்துவிடும். சுவெல்மாவுக்கு மட்டும் எப்படியாவது பார்த்துக்கொண்டாள். தனக்கு என்று வரும்போது பசித்தால் கோதுமை ரொட்டியையே பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். உள்ளே சுடட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? வட்டத்தில் உட்கார்ந்துகொண்டே ஐஷெத்து சத்தமாகச் சொன்னாள்: “அளக்கிறவ வீட்டுக்கு மட்டும் வெள்ளை மாவு பொட்டலம் கட்டி வருது. நமக்கும் ஒரு வியாதி வரக் கூடாதா?”

“வரும். வாயைத் தெறந்து வெச்சுக்கோ,” என்றாள் நுவேனா, அளவுப்பாத்திரத்தை வழித்தபடி.

சுவெல்மா தேறினாள். முடி கறுத்தது. ஆனால் சுடச்சுட ரொட்டி வாசனை எல்லாக் கூடாரத்திலிருந்தும் வரும்போது ஆறு வயதுப் பிள்ளைக்கு எதைச் சொல்லிப் புரியவைப்பது? ஒருநாள் ஐஷெத்துவின் அடுப்படியிலிருந்து கால் ரொட்டியைத் திருடித் தின்றுகொண்டிருந்தவளை நுவேனா பிடித்தாள். வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டி எடுத்தாள். பிறகு கன்னத்தில் அறைந்தாள். அப்புறமும் அந்தத் திருட்டு நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் பத்து நாள் கழிச்சல்.

ஒன்பது வயதில் சுவெல்மா மற்றப் பிள்ளைகளோடு கோடை விடுமுறைக்கு ஸ்பெயினுக்குப் போனாள். வலென்சியா பக்கம் ஒரு சிற்றூர், பிள்ளையில்லாத தம்பதி வீடு. திரும்பி வந்தபோது நாலு விரற்கடை வளர்ந்திருந்தாள். அந்த வீட்டார் கடிதம் எழுதியிருந்தார்கள்: அவள் உடம்புக்கு ஏற்ற உணவு இங்கே கடையில் கிடைக்கிறது, மருத்துவர் இருக்கிறார், எங்களோடு இருந்து படிக்கட்டும். மூலுத் அதை வாசித்துக் காட்டினார். நுவேனா இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

புறப்படும் அன்று லாரியில் ஏறும்முன் சுவெல்மா கேட்டாள்: “அந்த ரொட்டிக்காகவா உம்மா?”

“எந்த ரொட்டி? ஏறு, ஏறு, நேரமாச்சு.”

லாரி கிளப்பிய தூசி அடங்கிய பிறகுதான் பிள்ளை என்ன கேட்டாள் என்பது நுவேனாவுக்கு உறைத்தது.

லெஹ்பிப் இதற்குள் கல்யா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு அதே குடியிருப்பின் கிழக்குக் கோடியில் குடியிருந்தான். பிள்ளைகள் மூன்று. படையிலிருந்து விலகி, பழைய வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு சாமான் ஏற்றினான். தேநீர் வட்டத்தில் அவன் சொல்வது ஊருக்கே தெரியும்: “அந்த வியாதி அவ வம்சத்து ரத்தம். இப்ப பாருங்க என் வீட்டை. எல்லாம் ஒட்டகக் குட்டி மாதிரி நிக்குதுங்க.” மூத்தவை இரண்டும் அப்படித்தான் நின்றன. கடைசிப் பெண் மினேனா வேறு மாதிரி.

மாவு வாங்க வரும்போது கல்யா மினேனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள். நான்கு வயதுப் பிள்ளை. இரண்டு வயது மதிக்கலாம். குளிர் தொடங்கிய மாதம் நுவேனா அந்த வயிற்றைப் பார்த்தாள். பிள்ளையின் சூம்பிய கையைப் பார்த்தாள். சொல்வதற்கு ஒரு வாக்கியம் போதும். பாத்திரத்தை நிரப்பி, கையால் வழித்து, கல்யாவின் பையில் கொட்டினாள். “அடுத்தது யாரு?” என்றாள்.

அடுத்த மாதமும் பார்த்தாள். அதற்கடுத்த மாதமும். அவன் வாயால் வரட்டும் என்று இருந்தாள். அவன் இந்தப் பக்கம் வந்து, என் ரத்தத்திலும் இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்று ஒருமுறை சொல்லட்டும். ஒவ்வொரு மாதமும் அந்தப் பிள்ளையின் பங்கு மாவைத் தன் கையால்தான் அளந்து போட்டாள்.

சுவெல்மா ஏப்ரலில் வந்தாள். பதினோரு வருடத்தில் முதல் முறை. இருபது வயது, அம்மாவைவிட ஒரு சாண் உயரம். நம் பேச்சைத் தேடித் தேடிப் பேசினாள். நுவேனா இரண்டு மாதமாக மிச்சம் பிடித்த தனி மாவில் ரொட்டி சுட்டு வைத்திருந்தாள்.

சுவெல்மா ரொட்டியைத் தொடவில்லை. தட்டைப் பார்த்தாள், அம்மாவின் கை நகங்களைப் பார்த்தாள். “இந்தத் தட்டுல கோதுமை வெச்சிருப்பே இல்ல உம்மா? உன் கையிலயும் மாவு இருக்கு. துளி பட்டாக்கூட எனக்குச் சேராது.”

“கழுவித்தானே பண்ணேன்.”

“தெரியும். இருந்தாலும் வேண்டாம்.” பெட்டியைத் திறந்தாள். உள்ளே பாதிக்கு மேல் பொட்டலம் கட்டிய ரொட்டியும் பிஸ்கட்டும். ஒன்றைப் பிரித்து உட்கார்ந்து தின்றாள். நுவேனா எதிரே உட்கார்ந்து தான் சுட்ட ரொட்டியைத் தானே தின்றாள்.

மூன்றாம் நாள் மாலை லெஹ்பிப் மகளைப் பார்க்க வந்தான். மினேனாவைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான், மகள் தன் தங்கையைப் பார்க்கட்டும் என்று. சுவெல்மா அப்பாவைக் கட்டிக்கொள்ளப் போனவள் பாதியிலேயே நின்றாள். பிள்ளையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள்.

“இவளுக்கு ரத்தம் பார்த்தீங்களா?”

“இவளுக்கு என்ன? கொஞ்சம் நோஞ்சான். அந்த வியாதி உன் உம்மா பக்கத்துது, இவளுக்கு எப்படி வரும்?”

“பாபா, நான் இப்படித்தான் இருந்தேன். என் போட்டோ இருக்கு அங்க.” பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினாள். “இவ மாசாமாசம் உன் முன்னாலதானே வந்து நிக்கிறா?”

நுவேனா வழக்கமான மூன்று தேநீரில் இரண்டாவதை ஊற்றிக்கொண்டிருந்தாள். லெஹ்பிபின் முகத்தில் பழைய பேச்சுக்காரனின் சிரிப்பு மெல்லப் போயிற்று.

“நீ பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“எப்போ?”

“குளிர் ஆரம்பிச்சப்ப.”

“அஞ்சு மாசமா சொல்லாம இருந்தியா? பச்சைப் பிள்ளைகிட்டயா உன் கணக்கைத் தீர்த்துக்கிற?”

“ஊர் பூரா நீதானே சொல்லிவெச்சிருக்கே, உன் ரத்தத்துல அது இல்லைன்னு. ஊரே நம்புச்சு. நானும் நம்பிட்டுப் போறேன்னு இருந்தேன்.”

லெஹ்பிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். அவன் போன பிறகு சுவெல்மாவும் வெளியே போய் ஆட்டுப் பட்டிக்கருகே இருட்டும் வரை நின்றாள். மூன்றாம் தேநீர் கெண்டியிலேயே ஆறிப்போனது.

மறுநாள் காலை நுவேனா கிழக்குக் கோடிக்குப் போனாள். கல்யா வாசலில் நின்றாள். நுவேனா கை நீட்டினாள், கல்யா பிள்ளையைக் கொடுத்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்குப் போனாள். மூலுத்துக்கு இப்போது தலை நரைத்திருந்தது. பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. ஊர்ஜிதம் செய்ய ரத்தம் எடுத்தார்.

“இவ்வளவு ஆகிற வரைக்கும் யார் கண்ணுலயும் படலையா?” என்று கேட்டார்.

“பட்டுச்சு,” என்றாள் நுவேனா. யார் கண்ணில் என்று அவர் கேட்கவில்லை.

லெஹ்பிபும் ரத்தம் கொடுத்தான். அவனுக்கு நோய் இல்லை, ஆனால் நோயைக் கடத்தும் கூறு அவனிடமும் இருக்கக்கூடும், இல்லாமலும் போகலாம், அதைக் கண்டுபிடிக்கும் சோதனை இங்கே கிடையாது என்றார் மூலுத். ஆகவே கடைசியில் அந்தக் கேள்விக்கும் பதில் கிடைக்கவில்லை. கல்யாவின் ரத்தத்தை யாரும் கேட்கவில்லை, அவளும் நீட்டவில்லை.

சுவெல்மா இரண்டு வாரம் இருப்பதாக வந்தவள் பத்தாம் நாளே கிளம்பினாள். வண்டியில் ஏறும்போது அம்மாவை அணைத்துக்கொண்டு சொன்னாள்: “அங்க என்னை வளர்த்தவங்ககிட்ட உன்னைப் பத்தி நல்லதா மட்டும்தான் சொல்லியிருக்கேன்.”

மினேனாவின் பெயர் பட்டியலில் ஏற ஏழு மாதம் ஆனது. அதுவரை நுவேனாவின் பங்குப் பொட்டலங்கள்தான் அங்கே போயின. லெஹ்பிப் வந்து கூடாரத்துக்கு வெளியிலேயே நிற்பான். அவள் எடுத்து நீட்டுவாள். ஒருமுறை அவன் “நுவேனா...” என்று தொடங்கினான். “போ, பிள்ளை பசியோட இருக்கும்,” என்று திரையை இழுத்துவிட்டாள். அந்தக் குளிர்காலத்தில் மூட்டை ஒன்றைப் புரட்டும்போது அவள் மணிக்கட்டு ஒடிந்தது. எலும்பு சுண்ணாம்புபோல ஆகிவிட்டது, இத்தனை வருடம் கோதுமையை விடாததால் வந்த வினை என்றார் மூலுத். கட்டுப் போட்ட கையோடு, மற்றக் கையால் அளந்தாள்.

சுவெல்மா வெள்ளிக்கிழமைதோறும் தொலைபேசியில் பேசுகிறாள். எடுத்தவுடன் கேட்பது, “மினேனா எப்படி இருக்கா? எவ்வளவு எடை?” நுவேனா சொல்வாள்: பதினாறு கிலோ. பதினேழு. முடி வளர்ந்திருக்கிறது. பள்ளிக்குப் போகிறாள். அங்கிருந்து பெட்டிகள் வருகின்றன. தனி மாவு, பிஸ்கட், மேலே மினேனாவின் பெயர். நுவேனா அதைப் பிரிக்காமல் கிழக்குக் கோடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறாள். பேச்சு முடியும் சமயத்தில் சுவெல்மா, “சரி, நீ நல்லா இருக்கே இல்ல?” என்பாள். நுவேனா, “இருக்கேன்,” என்பாள். அதற்குள் மறுமுனையில் இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்கும்.